பழைய தகட்டில் செய்த பிராக்கெட்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

என் மேஜைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் கிடக்கிறது. பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டுகளின் பின்பக்க ஸ்லாட் தகடுகள், செத்துப்போன டிவிடி டிரைவ்களின் கூடு, ஜன்னல் வேலை நடந்த வீட்டில் பொறுக்கிய அலுமினிய ஆங்கிள் துண்டுகள், ஹவாய் செருப்பை வெட்டி எடுத்த ரப்பர் வில்லைகள், இவைதான் அதற்குள் இருப்பவை. பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு துண்டுத் தகட்டுக்காக ஒரு வாரம் கூரியரை எதிர்பார்க்க முடியாது. ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி மறுநாள் காலையில் கடை திறந்தாக வேண்டும். அதனால் டிஸ்க்கையோ ஃபேனையோ கார்டையோ கம்ப்யூட்டருக்குள் பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டை நானே தகட்டை வெட்டி, ஓட்டை போட்டு, மாட்டி அனுப்பிவிடுவேன். அதில் சிலது திரும்பி வரும். "தம்பி, உறுமிக்கிட்டே கெடக்கு", "தொட்டா சுர்ருங்கு", "டிஸ்க்கையே காட்ட மாட்டேங்கு" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

அப்படித் திரும்பி வந்தவற்றில் தேறியதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாக் கோளாறுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: கடைசியாகக் கை வைத்த இடத்தைப் பாருங்கள். நேற்று வரை ஓடிய மதர்போர்டு, நீங்கள் பிராக்கெட் மாட்டிய அன்றைக்குப் பார்த்துத் தானாகச் சாகாது. போர்டைக் குறை சொல்லிக் கடைக்குத் தூக்கிப்போய், கடைசியில் ஒரு ஸ்க்ரூதான் காரணம் என்று தெரிந்து வெட்கப்பட்டவன் நான்.

ஓடும்போது பார்க்கச் சொல்லும் இடங்கள் தவிர மற்ற நேரமெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. அதற்குப் பிராக்கெட் செய்யலாம், உள்ளே நமக்கு வேலை கிடையாது.

## உறுமல், அதிர்வு, கிர்ரென்ற சத்தம்

அதிகம் திரும்பி வருவது இது. அதிகம் பயப்பட வேண்டாததும் இதுதான்.

மெஷின் ஓடும்போதே பக்கக் கதவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள்.

சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி கதவு. கதவு உட்காரும் மடிப்பில் இரண்டு இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் முடிந்தது.

நிற்கவில்லை என்றால் கேபினெட்டைத் தூக்கித் தரையில் வையுங்கள். பாதி நேரம் மேஜைதான் மத்தளம் வாசிக்கும். டவுனில் ஒரு வீட்டில் அரை நாள் பிராக்கெட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் கேபினெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்திருந்த தகரத் தட்டு ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு ஆச்சி தட்டை உருவிக்கொண்டு போனதும் சத்தமும் போனது. கூலி வாங்கவே கூச்சமாக இருந்தது.

தரையிலும் உறுமினால் கதவைக் கழற்றிவிட்டு பிராக்கெட்டை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஃபேன் இறக்கைக்கோ எஸ்எம்பிஎஸ் பக்கமோ கை போகக் கூடாது. தொட்டதும் சத்தம் மாறினால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. அணைத்துவிட்டு நான்கையும் அரைகுறையாக மாட்டி, மூலைக்கு எதிர் மூலையாக இறுக்குங்கள். முதலில் ஒன்றை முழுசாக முறுக்கினால் மற்ற மூன்றும் கோணிக்கொண்டு நிற்கும்.

ஸ்க்ரூ எல்லாம் கெட்டியாக இருந்தும் உறுமினால் தகடு மெலிசு. 7,200 சுற்று ஹார்ட் டிஸ்க் ஒரு நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. எண்ணெய் டின் தகட்டில் அதை மாட்டினால் தாம்பாளத்தைத் தட்டியதுபோல் அதிரத்தான் செய்யும். 20 கேஜ் இரும்புத் தகடு, அதாவது ஏறக்குறைய 0.9 மி.மீ, போதும். அலுமினியம் என்றால் 2 மி.மீ ஆங்கிள் வேண்டும். கையில் இருப்பது மெலிசுத் தகடுதான் என்றால் நீள ஓரத்தில் 10 மி.மீ விட்டு மடக்கிவிடுங்கள். வைஸ் இல்லாவிட்டால் இரண்டு ஆங்கிள் துண்டுக்கு நடுவில் தகட்டைப் பிடித்து மரக்கட்டையால் தட்டினால் நேராக மடியும். ஒரு மடிப்பு கொடுக்கிற விறைப்பை இன்னொரு ஸ்க்ரூ கொடுக்காது.

அதற்கு மேலும் மிச்சமிருக்கும் முனகலுக்குச் செருப்பு ரப்பர். 3 மி.மீ கனத்தில் வில்லை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் இடையில் ஒன்று, ஸ்க்ரூ தலைக்கும் தகட்டுக்கும் இடையில் வாஷரோடு ஒன்று. ரப்பர் கொஞ்சம் அமுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும், நசுக்கிவிட்டால் பலன் இல்லை. சைக்கிள் டியூப் இதற்கு ஆகாது, ரொம்ப மெலிசு.

சத்தம் "டிக், டிக்" என்று விட்டு விட்டு வந்தால் பிராக்கெட்டை மறந்துவிடுங்கள். டிஸ்க் உள்ளுக்குள் பழுதாகிக்கொண்டிருக்கிறது. தெரிகிற நேரத்திலேயே முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள், பிறகு அணைத்துவிடுங்கள். திறந்து பார்த்துவிடலாம் என்று டிஸ்க்கின் மூடியைக் கழற்றினால் அந்தத் தூசியோடு எல்லாம் போகும். கல்யாண வீடியோவோ கடைக் கணக்கோ உள்ளே இருந்தால் டேட்டா மீட்கும் ஆளிடம் கொடுப்பது மட்டுமே வழி. அது செலவுதான்.

## ஓட்டை பொருந்தவில்லை, ஸ்க்ரூ பிடிக்கவில்லை

இதில் இரண்டு சாதி ஸ்க்ரூ உண்டு, இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கும் கேபினெட்டுக்கும் 6-32 என்கிற தடித்த மரை. டிவிடி டிரைவுக்கும் 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கும் எம்3 என்கிற மெல்லிய மரை. எம்3 ஸ்க்ரூவை ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் சும்மா சுழலும். ஆள் உடனே "மரை தேஞ்சிட்டு" என்பார். தேயவில்லை, ஸ்க்ரூதான் மாறிவிட்டது. 6-32 ஸ்க்ரூவை எஸ்எஸ்டியில் வம்பாக முறுக்கினால்தான் நிஜமாகவே மரை போகும்.

இரண்டு சுற்று விரலாலேயே ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள்.

நீளமும் முக்கியம். தகட்டின் கனம் போக டிஸ்க்குக்குள் 3 மி.மீ போனால் போதும். அதற்கு மேல் போகிற ஸ்க்ரூ உள்ளே எதையாவது முட்டும். கடையில் கிடைப்பது நீளமாகத்தான் இருக்கிறது என்றால் வாஷர் போட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தம் வராததற்கு அடுத்த காரணம் அளவெடுத்ததுதான். ஸ்கேலை வைத்து ஓட்டையின் ஓரத்திலிருந்து ஓரம் அளந்தால் அரை மில்லி எப்படியும் தப்பும். சின்ன வயதில் காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதையே டிஸ்க்கின் அடியில் செய்யுங்கள். ஓட்டைகள் அப்படியே பதியும். காகிதத்தைத் தகட்டில் ஒட்டி, ஆணியால் ஒரு தட்டுத் தட்டிக் குழி விட்டு, முதலில் 2 மி.மீ பிட், பிறகு எம்3 என்றால் 3.2, 6-32 என்றால் 4 மி.மீ. ஆணிக் குழி இல்லாமல் துளைத்தால் பிட் வழுக்கிக்கொண்டு போகும்.

சரிபார்க்க இந்த அளவுகள் உதவும். 3.5 அங்குல டிஸ்க்கின் அகலம் 101.6 மி.மீ. அடியில் உள்ள ஓட்டைகள் குறுக்கே 95.25, நீளவாட்டில் 44.45. கொள்ளளவு பெரிய புது டிஸ்க்குகள் சிலவற்றில் அந்த நடு ஓட்டை இருக்காது, அடுத்த ஓட்டை 76.2-ல் இருக்கும். 2.5 அங்குலம் என்றால் அகலம் 69.85, அடி ஓட்டைகள் 61.72-க்கு 76.6. ஃபேனில் 80 மி.மீ அளவுக்கு ஓட்டை இடைவெளி 71.5, 120-க்கு 105. ஸ்லாட் தகடு ஒன்றிலிருந்து ஒன்று 20.32.

அளவே எடுக்காமல் தப்பிக்க ஒரு வழி, செத்த டிவிடி டிரைவ். உள்ளே இருப்பதை எல்லாம் கழித்துவிட்டால் 146 மி.மீ அகலக் கூடு கிடைக்கும். அதன் பக்கவாட்டு ஓட்டைகள் கேபினெட்டோடு ஏற்கெனவே பொருந்தியவை. டிஸ்க்கை அடித்தகட்டில் நான்கு ஓட்டை போட்டு இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. நான் இதுவரை செய்ததில் ஒன்றுகூடத் திரும்பி வராத பிராக்கெட் வகை இதுதான்.

டிஸ்க்கின் மேல் சின்ன மூச்சு ஓட்டை இருந்து, "மூடாதே" என்று பக்கத்தில் அச்சடித்திருந்தால் அதன் மேல் தகடோ டேப்போ போகக் கூடாது.

## டிஸ்க் சில நேரம் தெரிகிறது, சில நேரம் காணோம்

சேரன்மகாதேவியில் ஒரு டிடிபி கடை. ஒன்பது மணிக்குக் கடை திறந்தால் டிஸ்க் தெரியும், பதினொரு மணிக்குக் காணாமல் போகும். வைரஸ் என்று இரண்டு முறை விண்டோஸை மாற்றிப் போட்டிருந்தார்கள். கதவைக் கழற்றி வைத்து ஓட்டினால் நாள் முழுக்க ஓடியது, கதவை மாட்டினால் போனது. நான் செய்த பிராக்கெட் டிஸ்க்கைக் கதவுப் பக்கமாக இரண்டு செ.மீ தள்ளி வைத்திருந்தது. கதவு மூடியதும், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் தலையை அது அழுத்தியது. கொஞ்சம் சூடேறி பிளாஸ்டிக் இளகியதும் தலை ஒரு மயிரிழை விலகியது. விண்டோஸ் பாவம், அது என்ன செய்யும்.

ஆகவே முதல் சோதனை, கதவைக் கழற்றி ஒரு நாள் ஓட்டுவது.

கதவு இல்லாமல் ஓடினால் எல் வடிவத் தலை உள்ள சாட்டா கேபிள் வாங்கிப் போடுங்கள், அல்லது பிராக்கெட்டின் ஓட்டைகளை உருண்டை அரத்தால் நீள்வட்டமாக அராவி டிஸ்க்கை உள்ளே தள்ளுங்கள். இப்போதெல்லாம் எந்த பிராக்கெட்டிலும் நான் ஓட்டையை நீளமாகத்தான் அராவுகிறேன்.

அப்படியும் போனால் கேபிளை மாற்றுங்கள், மதர்போர்டில் வேறு சாட்டா வாயில் செருகுங்கள். இரண்டுக்கும் காசு அதிகமில்லை. கேபிள் வெட்டுத் தகட்டின் ஓரத்தில் உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹேக்ஸாவால் வெட்டிய விளிம்பு கத்திதான். அரம் போட்டு மழுக்காமல் எந்தத் தகட்டையும் உள்ளே விடக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பழைய நான்கு பின் மோலெக்ஸை சாட்டாவாக மாற்றும் இணைப்பு போட்டிருந்தால் அதன் தலையை முகர்ந்து பாருங்கள். கருகல் வாடையோ பழுப்பு நிறமோ தெரிந்தால் உடனே தூக்கிப் போடுங்கள். வார்த்துச் செய்த விலை குறைந்த தலைகள் உள்ளேயே ஷார்ட் ஆகி எரியும்.

இன்னும் போனால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். சி7 என்பது கேபிள் பிழைக் கணக்கு. அது ஏறினால் வழியில் கோளாறு, டிஸ்க்கில் இல்லை. கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது, மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். 05, சி5 இரண்டும் பூஜ்ஜியமாக இருப்பதுதான் நிம்மதி. இந்த இரண்டும் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் தேய்கிறது, எந்த பிராக்கெட்டும் காப்பாற்றாது. எண்கள் அதில் பதினாறடிமானத்தில் காட்டும், 1ஏ என்று கண்டால் திடுக்கிட வேண்டாம், அது 26.

## எஸ்எஸ்டி கழன்று விழுந்துவிட்டது

எஸ்எஸ்டிக்குள் சுற்றுகிற பொருள் எதுவும் இல்லை, அதனால் இரட்டைப் பக்க டேப்பே போதும் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் போதும். சித்திரை வெயிலில் மாடி அறைக் கேபினெட்டுக்குள் அந்தப் பசை வெண்ணெய் மாதிரி இளகும். ஒருமுறை உலோகக் கூடு போட்ட எஸ்எஸ்டி ஒன்று கழன்று கிராபிக்ஸ் கார்டின் முதுகில் போய்ப் படுத்திருந்தது. நல்ல வேளை, ஷார்ட் ஆகவில்லை. டேப்போடு ஒரு கேபிள் டையும் போடுங்கள், அல்லது ஸ்லாட் தகடு ஒன்றில் இரண்டு எம்3 ஓட்டை போட்டு மாட்டிவிடுங்கள்.

மதர்போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டியின் கடைசி ஸ்க்ரூ தொலைந்துபோய் அது வாலைத் தூக்கிக்கொண்டு நின்றால் டேப் ஒட்டாதீர்கள். அது எம்2 அளவு, 3 மி.மீ நீளம். பழைய லேப்டாப் பிரித்த கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

## பட்டனை அழுத்தினால் ஃபேன் கால் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது

எங்கோ தகடு போர்டைத் தொடுகிறது. எஸ்எம்பிஎஸ் அதைக் கண்டுபிடித்துத் தானாக அணைகிறது. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத் தேடத் தொடங்குங்கள். திரும்பத் திரும்பப் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் புது பிராக்கெட்டை முழுக்கக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஓடினால் பிராக்கெட்டின் எந்த மூலை எதைத் தொட்டது என்பதற்கு அதில் கீறல் இருக்கும். அங்கே வெட்டி எறியுங்கள். டேப் சுற்றி மறுபடி மாட்டுவது தற்காலிகம், அதிர்வில் தகடு டேப்பை அறுத்துவிடும்.

கழற்றியும் ஓடவில்லை என்றால் துருவல். கேபினெட்டுக்குள் போர்டை வைத்துக்கொண்டே ட்ரில் போட்டவர்கள் இப்போது ஒப்புக்கொள்ளுங்கள். நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன், ஒரே ஒரு ஓட்டைதானே என்று. சுருள் சுருளாக விழுந்த இரும்புத் தூள் போர்டுக்கும் தட்டுக்கும் நடுவில் போய்விட்டது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலித்தீன் கவரில் சுற்றி (ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு) தடவினால் இரும்புத் துருவல் ஒட்டும். அலுமினியத் துருவல் காந்தத்துக்கு மசியாது, பெயிண்ட் பிரஷும் ஊதுகுழலும்தான்.

பிறகு போர்டுக்கு அடியில் கால் மாதிரி நின்று அதைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப். வேறு கேபினெட்டிலிருந்து போர்டை மாற்றி வைத்திருந்தால் போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் முதுகைக் குத்திக்கொண்டு நிற்கலாம். எண்ணுங்கள். போர்டில் எத்தனை ஓட்டையோ அத்தனைதான் இருக்க வேண்டும். பின்பக்க வாய்த் தகட்டின் வளைந்த நாக்கு யுஎஸ்பி துளைக்குள் நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அவசரத்தில் எல்லாரும் செய்கிற தப்பு.

கடைசிச் சோதனை தீர்ப்பு மாதிரி. போர்டை வெளியே எடுத்து அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து, பவர் ஸ்விட்ச் வரும் இரண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள்.

ஓடினால் குற்றம் கேபினெட்டிலோ தகட்டிலோதான். பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

ஓடாவிட்டால் வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் போர்டு வேலை தெரிந்த சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.

## கிராபிக்ஸ் கார்டு தொங்குகிறது, திரை திடீரென்று கறுக்கிறது

ஃபேன் ஓடும், திரையில் ஒன்றும் வராது. அல்லது எடிட்டிங் நடுவில் கறுத்துவிடும். கேபினெட்டை மெதுவாகப் படுக்கப் போட்டு, மதர்போர்டு தரைக்கு இணையாக இருக்கும்படி வைத்து ஓட்டுங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

படுத்த நிலையில் ஓடினால் கார்டின் கனம் ஸ்லாட்டை இழுக்கிறது. கார்டைக் கழற்றி, தங்க நிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து, மறுபடி செருகி, பின்பக்கத் தகட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். பழைய கடையில் வாங்கிய கார்டில் அந்தத் தகடே இருக்காது. அதுதான் பாதிக் காரணம். பழைய லேன் கார்டின் தகட்டை எடுத்து வாய்கள் வரும் இடத்தை அராவினால் பொருந்தும். பிறகு தூர முனைக்கு ஒரு முட்டு.

முட்டுக்கு நான் 10 மில்லி சிரிஞ்சைப் பயன்படுத்திப் பார்த்தேன், உயரத்தை வேண்டிய மாதிரி வைக்கலாமே என்று. மே மாதம் வந்ததும் உள்ளே இருந்த தண்டு பைய இறங்கிவிட்டது. இப்போது அலுமினிய ஆங்கிள்தான், தலையில் ஒரு செருப்பு ரப்பர். முட்டு கார்டின் உலோகச் சட்டத்தையோ கெட்டியான பிளாஸ்டிக் ஓரத்தையோ தாங்க வேண்டும். ஃபேன் மேலோ பச்சைப் போர்டில் சிப் இருக்கும் இடத்திலோ அல்ல. கார்டை வில்லாக மேலே தூக்கவும் வேண்டாம், நேராக நின்றால் போதும்.

படுத்தும் கறுத்தால் பிராக்கெட் நிரபராதி. ஸ்லாட் மட்டும் 75 வாட்தான் தரும். அதற்கு மேல் தின்கிற கார்டுக்குத் தனி பவர் வயர் உண்டு, அது பாதி செருகியிருக்கும். அதுவும் சரி என்றால் வேறு மெஷினில் கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் கறுத்தால் கார்டை விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டிய கட்டம்.

## இரண்டு நிமிடத்தில் அணைகிறது, அல்லது ஒரு ராம் காணோம்

இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டதற்குக் காரணம், இரண்டும் பிராசசர் கூலரைக் கையால் கட்டியதால் வருபவை. பிளாஸ்டிக் கால் உடைந்த கூலரை போல்ட் போட்டு நிறுத்துவது நம்மூரில் சகஜம். ஆனால் இங்கேதான் நான் பெரும்பாலும் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரையில், வெப்பநிலைப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே ஒரு நிமிடத்தில் 80, 90 என்று ஏறினால் கூலர் பிராசசர் மேல் உட்காரவில்லை. அணைத்து, கூலரைக் கழற்றி, சூட்டைக் கடத்த நடுவில் தடவிய பேஸ்ட் பதிந்த அடையாளத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பதிந்திருந்தால் கோணல். எங்குமே பதியாவிட்டால் போல்ட் நீளம் அல்லது கூலர் மாறாட்டம். இன்டெல் 775 சாக்கெட் போர்டுகளில் கூலர் ஓட்டைகள் 72 மி.மீ சதுரம், 1155, 1151, 1200 எல்லாம் 75, 1700-ல் 78. மூன்று மில்லிதானே என்று கூலரின் காலை வளைத்து மாட்டினால் இப்படித்தான் ஆகும்.

ராம் ஒன்று காணாமல் போனால் நேர் எதிர்க் கதை, இறுக்கம் அதிகம். இரண்டு 8 ஜிபி போட்டும் 8 மட்டும் காட்டும். போர்டு வளைந்து பிராசசரின் அடிப் பின்கள் ஒரு ஓரத்தில் தொடுவதில்லை. நான்கு போல்ட்டையும் கால் சுற்று, கால் சுற்றாக, எதிர் மூலையாகத் தளர்த்தி மறுபடி ஓட்டுங்கள். திரும்பி வந்துவிட்டால் அதோடு விடுங்கள். போர்டின் முதுகில் தகடு வைத்திருந்தால் அதற்கும் போர்டுக்கும் நடுவில் நைலான் வாஷர் இருக்க வேண்டும், வெறும் இரும்பு பட்டால் ஷார்ட்.

தளர்த்தியும் ராம் வராவிட்டால் சாக்கெட் பின்னை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். வளைந்த பின்னை நிமிர்த்துவது கைநடுக்கம் இல்லாத ஆளுடைய வேலை. உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் தொடாமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

## தொட்டால் சுர்ரென்கிறது

பிராக்கெட் மாட்டிய பிறகு வந்தது என்பார்கள். முன்னமே இருந்திருக்கும். முன்பு பெயிண்ட் அடித்த கதவைத் தொட்டார்கள், இப்போது வெறும் அலுமினியத்தைத் தொடுகிறார்கள்.

பிளக்கைப் பாருங்கள். மூன்று பின்னில் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் ஓட்டையில் செருகியிருக்கிறார்களா? அதுதான். எர்த் இல்லாத மெஷினில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி வழியாகக் கேபினெட்டுக்கு ஏறக்குறைய 115 வோல்ட் வரை ஏறி நிற்கும். மின்னோட்டம் ரொம்பக் குறைவு, அதனால் சுர்ரென்பதோடு போகிறது. டெஸ்டர் மங்கலாக எரியும்.

மூன்று பின்னும் சரியாக இருந்தும் சுர்ரென்றால் வீட்டின் எர்த் குழி. திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மணலில் கோடையில் குழி காய்ந்து கிடக்கும், ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதும் சுர் நின்ற வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அது அன்றைக்கு மட்டும்தான். குழியைச் சரிசெய்வது வயர்மேன் வேலை.

சுர்ரென்பது அடியாக விழுந்தால், அல்லது சுவிட்ச் போட்டதும் டிரிப்பர் விழுந்தால் இது வேறு. உங்கள் ஸ்க்ரூவோ தகட்டு விளிம்போ 230 வோல்ட் வயரைக் கிழித்திருக்கலாம், எஸ்எம்பிஎஸ் உள்ளே பழுதாகியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்குங்கள். வயர்மேனோ சர்வீஸ் ஆளோ பார்க்கும் வரை அது திரும்பச் சுவரைத் தொடக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த மெஷின்களிலிருந்து கழற்றிய பொருள் பழைய இரும்புக் கடைகளுக்கு நிறைய வந்தது. தகடு எடுங்கள், சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்தால் போதும். எஸ்எம்பிஎஸ் மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

## துரு, வெள்ளைப் பொடி

வெட்டிய விளிம்பில்தான் துரு தொடங்கும், ஜிங்க் பூச்சு அங்கே போய்விட்டதால். வெட்டியதும் ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்துவிட்டால் அம்பாசமுத்திரத்திலும் களக்காட்டிலும் வருடக்கணக்கில் நிற்கும். கேபினெட்டைத் தொடும் ஒரு ஸ்க்ரூவின் அடியில் மட்டும் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள், எர்த் தொடர்பு வேண்டும்.

உவரி, கூடங்குளம் பக்கம் கதை வேறு. அலுமினிய ஆங்கிளில் இரும்பு ஸ்க்ரூ போட்டால் உப்புக் காற்றில் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பி, ஓட்டை பெரிதாகி, ஒருநாள் டிஸ்க்கோடு கழன்று வரும். இரும்பில் இரும்பு, அலுமினியத்துக்கு நடுவில் நைலான் வாஷர் என்றெல்லாம் செய்து பார்த்தேன், கூடுதலாக ஒரு வருடம் நிற்கிறது, அவ்வளவுதான். அங்கேயிருந்து வருகிறவர்களிடம், "அண்ணாச்சி, இதுக்கு மட்டும் கடையில பிளாஸ்டிக் பிராக்கெட் வாங்கிப் போட்டுருங்க" என்று சொல்லி, ஸ்க்ரூ மட்டும் டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்து அனுப்புகிறேன்.